இனிவரும் உலகமும் எதிர்வீட்டுக் குழியும்

தாம்பரத்தில் நம் படிப்பகத் தோழர்கள் சென்ற திங்கள் ஒரு கூட்டம் கூட்டினார்கள். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஏடு பெரியாரின் 'இனிவரும் உலகம்'. ஞாயிறு மாலை. மின்விசிறி ஒன்று, நாற்காலி இருபது, வந்தவரோ முப்பதின்மருக்கு மேல். சுவரோடு சாய்ந்து நின்றபடியே கேட்டார்கள் பலர். பகுத்தறிவுக் கூட்டத்துக்கு இளைஞர் வருவதில்லை என்று ஏங்குவோர் அன்று அங்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

பேசியவர் உழைப்பாளி. எண்பது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த அந்தச் சிறு நூலில் கூறப்பட்டவற்றுள் இன்று நடைமுறைக்கு வந்துவிட்டவை யாவை என்று ஒரு பட்டியலே தொகுத்துக்கொண்டு வந்திருந்தார். கம்பியில்லாத் தந்திக் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் என்றார் பெரியார், இதோ கைப்பேசி! ஒருவர் உருவத்தை ஒருவர் கண்டபடியே தொலைவிலிருந்து பேசிக்கொள்வர் என்றார். இன்று பாட்டிமார்கூட அப்படித்தான் பேரக் குழந்தைகளோடு பேசுகிறார்கள்! ஓரிடத்தில் இருந்துகொண்டே பல ஊர் மாணவர்க்குப் பாடம் நடத்தலாம் என்றார், 2020இல் கண்டோம்! ஆண் பெண் சேர்க்கை இன்றியே பிள்ளைப்பேறு வாய்க்கும் என்றார். 1978இல் இங்கிலாந்தில் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது! ஒவ்வொன்றுக்கும் ஒரு கைதட்டல். இறுதியில் அப்பட்டியலைச் சிறு வெளியீடாக அச்சிடுவதென்று முடிவாயிற்று. முன்னுரை எழுதும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது. பள்ளி ஆசிரியர் என்றால் எழுதித் தரச் சொல்லிக் கேட்க எவருக்கும் தயக்கம் இருப்பதில்லை.

கூட்டம் முடிந்து இரண்டு தெரு நடந்திருப்போம். ஒரு வீட்டு வாயிலில் கழிவுநீர் லாரி நின்றிருந்தது. பாதாளச் சாக்கடை இன்னும் எல்லாத் தெருக்களுக்கும் வந்து சேராத புறநகர் இது. வீட்டுக்கொரு தொட்டி, தொட்டி நிறைந்தால் லாரி. குழாய் உறிஞ்சியது போக அடியில் தங்கிய சேற்றை வாளியில் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார் ஒருவர், இடுப்பளவு குழிக்குள் நின்று. கையுறை இல்லை, காலணி இல்லை. கழற்றிய சட்டையை வீட்டுக்காரரின் சுற்றுச் சுவர்மேல் போட்டிருந்தார். அந்தச் சட்டையின் பைக்குள் கைப்பேசி மணியடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க அவரால் முடியவில்லை. எடுத்துக் கொடுக்க எவரும் முன்வரவில்லை, நாம் உட்பட.

அன்றிரவு முன்னுரை எழுத உட்கார்ந்தோம்; எழுத முடியவில்லை. அதற்கு ஈடாகத்தான் இக்கட்டுரை.

நூலைப் பற்றி முதலில் சொல்லிவிடுவோம். 1931 இறுதியில் புறப்பட்டு 1932இல் ஐரோப்பாவையும் சோவியத் நாட்டையும் சுற்றிப் பார்த்துத் திரும்பினார் பெரியார். திரும்பியதும் சிங்காரவேலரோடு கூடிச் சமதர்மத் திட்டம் வகுத்தார். அந்தச் சிந்தனை பத்தாண்டுகள் ஊறி, 1940களின் முற்பாதியில் 'இனிவரும் உலகம்' ஆயிற்று. கதை இல்லை, கதைமாந்தர் இல்லை. மேடையில் நின்று எதிரே இருப்பவரிடம் வாதாடும் நடை. பழைய காலத்து அரசனைக் காட்டி, அவன் கனவிலும் காணாத மின்விளக்கு இன்று ஏழை வீட்டில் எரிவதைக் காட்டி, அப்படியானால் நாளை என்னவெல்லாம் வரும் என்று கேட்கும் முறை. கருவிகளைப் பற்றிய பகுதி அதில் ஒரு கூறுதான். அதனினும் பெரிது, தனியுடைமை ஒழிந்தபின் மனிதர் எப்படி வாழ்வர் என்ற பகுதி. பணம் தேவைப்படாது, உழைக்கும் நேரம் சுருங்கும், பணமும் சொந்த உடைமையும் போனால் திருட்டும் வஞ்சகமும் விபசாரமும் வேரறும், இழிவென்று பெயரிட்டு ஒரு சாரார் தலையில் கட்டிவைத்த துப்புரவு வேலைகள் அனைத்தும் எந்திரத்தின் கைக்குப் போய்விடும் என்கிறது நூல்.

தோழரின் பட்டியலில் இவற்றுள் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அவரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. நம் இயக்கத்து இளைஞர் பலரும் இந்நூலை இப்படித்தான் படிக்கிறோம். அன்று அரங்கில் அடிக்கடி ஒலித்த சொல் ஒன்று உண்டு: 'பலித்தது!' எங்கே கேட்ட சொல் இது? கிளி எடுத்துக் கொடுத்த சீட்டைப் பிரித்துப் படிப்பவன் வாயில் கேட்ட சொல் அல்லவா? ராசிபலன் பார்ப்பவன் பலித்தவற்றை எண்ணுவான், பலிக்காதவற்றை மறப்பான். அதே முறையில் பெரியாரைப் படித்துவிட்டு அதற்குப் பகுத்தறிவு என்று பெயர் வைப்பதா? தாம் சொன்னார் என்பதற்காகவே எதையும் ஏற்காதீர் என்று ஊர்தோறும் சொல்லித் திரிந்தவரை முக்காலமும் உணர்ந்த முனிவராக்கிவிட்டோம். கருவி வரும் என்று சொன்னதில் அவர் தனிப்பெருமை கொண்டதாகவும் தெரியவில்லை. விஞ்ஞானம் போகும் போக்கை உற்றுப் பார்த்தவர் எவரும் சொல்லக்கூடியதுதான் என்ற தொனியே நூல் முழுவதும். அவர் அழுத்திச் சொன்னது, கருவியின் பயன் எல்லாருக்கும் போய்ச் சேரும் சமுதாய அமைப்பைப் பற்றி. 2020இல் தொலைவழிப் பாடம் வந்ததே, உண்மைதான். அப்போது நாம் கல்லூரி மாணவர். ஒரே கைப்பேசியை வைத்துக்கொண்டு அண்ணனும் தங்கையும் முறைபோட்ட வீடுகளும், அது எடுத்துச் செல்லும் தந்தை வேலையிலிருந்து திரும்பும்வரை பாடமே இல்லாத வீடுகளும் நம் தெருவிலேயே இருந்தன. கருவி வந்தது. இனிவரும் உலகம் வரவில்லை.

கனவுலக நூல்களை எடைபோட ஒரு கேள்வி வேண்டும். குழிக்குள் நின்றவரைக் கண்ட பிறகு நமக்குத் தோன்றிய கேள்வி மிகச் சிறியது: அந்த நாட்டில் அழுக்கை அள்ளுபவர் யார்? நூலாசிரியர் எவராயினும், எந்நாட்டவராயினும், இக்கேள்விக்கு அவர் தரும் விடையிலேயே அவருடைய நாட்டின் சட்டம் முழுவதும் தெரிந்துவிடுகிறது.

பிளேட்டோவின் 'குடியரசு' மேலை உலகின் முதல் கனவு நாடு என்பர். அங்கே மக்கள் மூவகை. பொன் கலந்து பிறந்தவர் ஆள்வர். வெள்ளி கலந்தவர் காப்பர். இரும்பும் வெண்கலமும் கலந்தவர் உழைப்பர். இது பொய் என்பது ஆசிரியருக்கே தெரியும். நாட்டின் நலனுக்காகச் சொல்லத்தக்க பொய் என்கிறார். பெண்ணும் நாடாளலாம் என்று அக்காலத்திலேயே சொன்னவர் என்பதையும், பொன்னவர் வீட்டில் இரும்புப் பிள்ளை பிறந்தால் கீழே இறக்கலாம், இரும்பவர் வீட்டில் பொன்பிள்ளை பிறந்தால் மேலே ஏற்றலாம் என்று விதிவிலக்கு வைத்தவர் என்பதையும் மறைக்கக்கூடாது. நம் நாட்டு நால்வருணத்தாருக்கு அந்த விதிவிலக்கும் பொறுக்கவில்லை.

தாமஸ் மோர் 1516இல் 'உடோபியா' எழுதினார். கற்பனை நாட்டுக்கெல்லாம் அதுவே பொதுப்பெயராகிவிட்டது. அங்கே தனியுடைமை கிடையாது, நாளொன்றுக்கு ஆறுமணி நேர உழைப்பு, பொன்னுக்கு மதிப்பில்லை. எந்த அளவுக்கு மதிப்பில்லை எனில், சிறுநீர்க் கலங்களைப் பொன்னால் செய்து வைத்திருக்கிறார்கள்! படிக்கும்போது நாம் வாய்விட்டுச் சிரித்த இடம் இது. பொன்மோகத்தை இதைவிடக் கடுமையாக எள்ளி நகையாடிய புலவன் அரியன். ஆனால் அந்தப் பொன் கலத்தைத் தூக்கிக் கொண்டுபோய்க் கொட்டுபவர் யார்? அந்நாட்டில் அடிமைகள் இருக்கிறார்கள். பொதுச் சாப்பாட்டுக் கூடங்களில் அழுக்கான வேலையெல்லாம் அவர்களுடையது. ஆடுமாடு அறுப்பதும் ஊருக்கு வெளியே அவர்கள் கையால்தான். குடிமக்கள் அறுத்தால் அவர்தம் இரக்க உணர்ச்சி மழுங்கிவிடுமாம். அடிமையின் இரக்கம் மழுங்கினால் மோருக்குக் கவலையில்லை. அந்த அடிமைகளின் காலில் பூட்டிய விலங்கும் பொன் விலங்கே.

இனி நம் வீட்டுக்கு வருவோம். கம்பர் நாட்டுப் படலத்திலும் நகரப் படலத்திலும் கோசலத்தைக் காட்டுகிறார். வறுமை இல்லாமையால் அங்கே வள்ளன்மைக்கு வேலையில்லை. பொய் இல்லாமையால் மெய்க்குத் தனிச் சிறப்பில்லை என்று ஒன்றை மறுத்து ஒன்றைக் காட்டும் அந்த உத்தி, தமிழ்க் கவிதையில் ஓர் உச்சம் என்பதை மறுப்பதற்கில்லை. 'தீ பரவட்டும்' என்று 1943இல் அண்ணா வாதாடியபோதும் கம்பரின் கவித்திறத்தைப் பற்றியதன்று வழக்கு. அக்கவிதை எதைச் சுமந்து செல்கிறது என்பதே வழக்கு. நம் கேள்வியைக் கோசலத்தின் வாயிலில் நின்று கேட்டுப் பார்த்தோம். விடையில்லை. உழவர் வருகிறார்கள், எருமைகள் வருகின்றன, கரும்பாலை வருகிறது, மீன் துள்ளுகிறது. கழிவு வரவில்லை. வறுமை எப்படி ஒழிந்தது என்பதற்கும் காரணம் சொல்லப்படவில்லை. மன்னன் நல்லவன், ஆகவே நாடு நல்லது. கவிஞன் தீட்டிய படம் அது. அங்கே எவரும் குடியேற வழியில்லை.

வள்ளுவர் இவ்விடத்தில் வேறுபடுகிறார். 'நாடு' என்ற அதிகாரத்தில் குன்றாத விளைச்சலும், பசியும் பிணியும் பகையும் சேராமையும் இலக்கணமாகச் சொல்கிறார். அவ்வளவும் அமைந்தும் ஆட்சி பொருந்தாவிட்டால் பயனில்லை என்று முடிக்கிறார். இரந்துதான் ஒருவன் உயிர்வாழ வேண்டுமென்று விதி இருக்குமானால் அந்த விதியைச் செய்தவனே கெட்டு அலையட்டும் என்று சினந்தவரும் அவரே. படம் காட்டுபவரிடம் இந்தச் சினம் இருப்பதில்லை.

நம் கேள்விக்கு ஒளிவுமறைவின்றி விடைசொன்ன பழைய நூல் ஒன்று உண்டு என்றால் அது மனுநூல்தான். வியப்பாக இருக்கிறதா? அதுவும் இலட்சியச் சமுதாயம் ஒன்றின் சட்டப் புத்தகமே. எழுதியவர்களுக்கு அது பொன்னுலகம். அழுக்கை அள்ளுபவர் யார் என்று கேட்டால் பிளேட்டோ பூசி மெழுகுவார், மோர் அடிமை என்பார், கம்பர் பேசாதிருப்பார். மனுநூலோ நேராகச் சொல்கிறது: சண்டாளனாகப் பிறந்தவன், அவன் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும், பிணத்தின் ஆடையை உடுத்த வேண்டும், உற்றார் இல்லாத பிணத்தைச் சுமக்க வேண்டும். அம்பேத்கர் 1927 டிசம்பர் 25இல் மகாத் நகரில் அந்நூலைக் கொளுத்தினார். இலட்சியச் சமுதாயம் என்ற சொல்லைக் கேட்டதும் மயங்கிவிடுகிற தோழர்கள், யாருடைய இலட்சியம் என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது.

கனவு காண்பவர் நிற்குமிடம் மாறினால் கனவே மாறிவிடுகிறது. காசியில் தோல் தொழில் செய்யும் குலத்தில் பிறந்த ரவிதாசர் 'பேகம்புரா' என்று ஓர் ஊர் பாடினார். துயரமில்லா ஊர் என்பது பொருள். அங்கே வரி இல்லை, அச்சம் இல்லை, இரண்டாந்தரத்தான் மூன்றாந்தரத்தான் என்பதில்லை, யாரும் எங்கும் தடையின்றி நடக்கலாம். கம்பரின் நகரத்தில் மாடங்களின் உயரம் சொல்லப்படும். ரவிதாசரின் ஊரிலோ தெருவில் நடக்கும் உரிமை சொல்லப்படுகிறது. தெருவில் நடக்கத் தடைபட்டவனுக்கல்லவா அது தோன்றும்! வங்கத்து ரொக்கையா பேகம் 1905இல் 'சுல்தானாவின் கனவு' எழுதினார். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அக்கதை முதலில் வெளிவந்தது நம் சென்னையிலிருந்து நடந்த பெண்கள் இதழ் ஒன்றில் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அந்நாட்டில் ஆடவர்தாம் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள். பெண்கள் ஆராய்ச்சி செய்து கதிரவன் வெப்பத்தில் சமைக்கிறார்கள்; அடுப்படியில் புகை இல்லை, கரி இல்லை. ஆண்டவர், வேந்தர், பேராசிரியர் எவருடைய கனவு நாட்டிலாவது அடுப்பங்கரை எட்டிப் பார்த்ததுண்டா? புகையில் கண்ணெரிந்தவர் எழுதியதால் வந்தது. குற்றமே நிகழாமையால் அங்கே காவலரும் நீதிபதியும் இல்லை என்கிறார் அந்த அம்மையார்.

சட்டம் தேவைப்படாத நாடு! பெரியாரின் நூலின் போக்கும் அதுதான். உடைமை பொதுவானால் வழக்கேது, காவலேது? இலட்சியம் என்ற அளவில் இது உயர்ந்தது, ஐயமில்லை. ஆனால் அங்கே போய்ச் சேர்வது எப்படி? 'இனிவரும் உலகம்' இதை விரித்துச் சொல்லவில்லை என்பது அந்நூலின் குறை. துப்புரவு எந்திரம் வரும் என்கிறது. எந்திரத்தை வாங்குபவர் யார், வாங்காவிட்டால் கேட்பவர் யார் என்று சொல்வதில்லை. இக்குறையைச் சொல்வதால் பெரியாரின் பெருமை குறையாது. ஏனெனில் குறையை நிறைக்கும் மற்றோர் எழுத்தும் அவர் இயக்கத்திலேயே பிறந்திருக்கிறது, அதற்குப் பதினான்கு பதினைந்து ஆண்டுகள் முன்னதாகவே.

தாம்பரத்தில் ரயிலேறினால் பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் செங்கற்பட்டு. இன்று தாம்பரமும் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. அந்தச் செங்கற்பட்டில் 1929 பிப்ரவரி 17, 18 நாட்களில் முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு, சௌந்தரபாண்டியனார் தலைமையில் நடந்தது. அங்கு நிறைவேறிய தீர்மானங்களைத்தான் தமிழில் எழுதப்பட்ட தலைசிறந்த கனவு நாட்டு இலக்கியம் என்று நாம் கருதுகிறோம். தீர்மானம் இலக்கியமாகுமா என்று தமிழ்ப் புலவர்கள் புருவம் உயர்த்துவர். உயர்த்தட்டும்!

பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் போடுவதை விட்டொழிக்க வேண்டும். பெண்ணுக்குத் திருமண வயது பதினாறுக்கு மேல் இருக்க வேண்டும். மணவாழ்வு ஒவ்வாதபோது விலகிக்கொள்ள உரிமை வேண்டும். கைம்பெண் மறுமணம் செய்துகொள்ளத் தடை கூடாது. சாதி பாராமல் தம் துணையைத் தாமே தேர்ந்துகொள்ளலாம். சொத்தில் ஆணுக்குள்ள பங்கு பெண்ணுக்கும் வேண்டும். ஆரம்பப் பள்ளி ஆசிரியப் பணியில் பெண்களையே அமர்த்த வேண்டும். இவ்வாறு போகிறது. உவமை கிடையாது, அடைமொழி கிடையாது. ஒவ்வொரு தொடரிலும் ஒரு செயல் இருக்கிறது, அதைச் செய்ய வேண்டியவரும் இருக்கிறார்: இன்னதை அரசு செய்க, இன்னதை நாம் விடுவோம். படித்து முடித்ததும் கைதட்டத் தோன்றாது. நம் பெயருக்குப் பின்னால் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கத் தோன்றும்.

அத்தீர்மானங்கள் சட்டமான கதை நெடிது. அவ்வாண்டே வந்த சாரதா சட்டம் பெண்ணின் மணவயதைப் பதினான்கு என்றுதான் வைத்தது. அது பதினெட்டானது 1978இல். இந்துப் பெண்ணுக்கு மணவிலக்கு 1955இல் வந்தது. புரோகிதரின்றிச் சுயமரியாதை முறையில் மணந்தவர்களை 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் கணவன் மனைவியராக ஏற்கவில்லை. பிள்ளை பெற்றுப் பேரன் எடுத்தவர்களும் சட்டத்தின் கண்ணில் மணமாகாதவர்களாயினர். அண்ணா முதலமைச்சரானதும் 1967இல் கொண்டுவந்த சட்டம் அத்திருமணங்களைச் செல்லத்தக்கதாக்கியது, முன்பே நடந்தவற்றையும் சேர்த்து. சொத்துரிமைக்கோ அறுபது ஆண்டு! 1989இல் தமிழ்நாட்டில் மகளும் குடும்பச் சொத்தில் மகனைப்போல் பங்காளி ஆனாள். அந்நாளுக்கு முன் மணமாகிப் போனவளுக்கு அப்போதும் இல்லை. இந்தியா முழுமைக்கும் அவ்வுரிமை 2005இல் வந்தது. செங்கற்பட்டில் 1929இல் கையுயர்த்திய இளம்பெண் ஒருத்தி, தன் பேத்திக்குப் பங்கு எழுதுவதைப் பார்க்க எண்பது வயதுவரை வாழ்ந்திருக்க வேண்டும். கருவியைப் பற்றிய கணிப்பு தானாக வந்து நிறைவேறும்; எங்கோ ஒரு தொழிற்சாலை அதைச் செய்து விற்றுவிடும். இவை அப்படியல்ல. கேட்டு, எழுதி, சிறைபோய், வாக்களித்து, வழக்காடி வந்தவை.

இப்போது குழிக்குத் திரும்புவோம். சட்டம் இல்லாமலா இருக்கிறது? கையால் மலமள்ளும் தொழிலைத் தடைசெய்து 1993இல் ஒரு சட்டம் வந்தது. அது போதாதென்று 2013இல் மற்றொன்று. சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குபவருக்கு முதல் குற்றத்துக்கே ஈராண்டுவரை சிறை, இரண்டு இலட்சம் ரூபாய்வரை தண்டம். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் முப்பது இலட்சம் என்று உயர்த்தியது. எந்திரம் இல்லாமலா இருக்கிறது? சாளைக்குழிக்குள் இறங்கி வாரும் பொறியைக் கேரளத்து இளைஞர்கள் 2018இலேயே செய்து காட்டிவிட்டார்கள். ஆக, பெரியார் சொன்ன எந்திரமும் வந்தாயிற்று. எனினும் மலக்குழிச் சாவுகளைப் பற்றி நாடாளுமன்றத்தில் தரப்பட்ட கணக்குகளில் நம் தமிழ்நாடு பலமுறை முன்வரிசையில் நின்றிருக்கிறது. பணியாளரின் பெயரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றினோம். நல்ல பெயர்தான். பெயர் மாறிய வேகத்தில் அந்தப் பணிக்கு வருபவரின் சாதி மாறவில்லை.

இவ்வூர்ப் புறநகர்களில் இன்று வேறொரு வகைக் கனவு நாடும் கட்டப்படுகிறது. சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர் எங்கு திரும்பினாலும் விளம்பரப் பலகைகள்: கனவு இல்லம், கனவு நகர். மதில் உண்டு, வாயிற்காவல் உண்டு, நீச்சல் குளம் உண்டு, சட்டதிட்டமும் உண்டு. வீட்டுவேலை செய்பவர் இந்த மின்தூக்கியில் ஏறக்கூடாது, அந்த மின்தூக்கியில் ஏறலாம் என்று விதி எழுதிவைத்த குடியிருப்புகள் நம் நகரங்களில் இருக்கின்றன. அங்கே குடியிருப்போர் மனுநூலைப் படித்திருக்க மாட்டார்கள். படிக்காமலே எழுத வருகிறது! பூந்தோட்டத்துக்குப் பின்வாயில் வழியாக அவர்களுக்கும் கழிவுநீர் லாரி வந்துதான் போகிறது.

இதற்கு எதிர்முனையில் நம் நாட்டு அரசு நட்டுக் காட்டிய கனவு ஊர் சமத்துவபுரம். தென்மாவட்டச் சாதிக் கலவரங்களுக்குப் பின் 1997இல் கலைஞர் அறிவித்த திட்டம். முதல் ஊர் மதுரை மாவட்டத்து மேலக்கோட்டையில் 1998இல் திறக்கப்பட்டது. வீடு நூறு. ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, ஏனையோருக்கு 10. சாதிவாரியாகத் தெரு பிரிக்காமல் வீடுகளைக் கலந்து ஒதுக்க வேண்டும், சுடுகாடும் பொது. இதை ஓர் எழுத்தாகப் பார்த்தால் இதுவும் செங்கற்பட்டு நடைதான். எண் இருக்கிறது, செய்பவர் இருக்கிறார். பின்னாளில் பல ஊர்களில் பராமரிப்பின்றி ஓடு சரிந்தது, சாலை பெயர்ந்தது. ஆட்சி மாறினால் அக்கறையும் மாறியது. வரைந்தவர்கள் வீடு ஒதுக்கும் விதியை எழுதிய அளவுக்கு, வீட்டைக் காக்கும் விதியை எழுதவில்லை. ஆனாலும் பொதுச் சுடுகாடு என்ற அந்த ஒரு வரிக்காகவே நாம் அத்திட்டத்தைக் கோசலத்தைவிட மேலான நாடு என்போம்.

வெளியீட்டைக் கைவிடும்படி நாம் கேட்கவில்லை. பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள் என்று கேட்கிறோம். இடப்பக்கம் வந்துவிட்ட கருவிகள். வலப்பக்கம் அந்நூலில் கூறப்பட்டு இன்னும் வராதவை: உழைப்பு நேரக் குறைப்பு, பொதுவுடைமை, மனிதர் கைபடாத துப்புரவு. மூன்றாவதற்கு நேரே 1993, 2013 சட்டங்களின் பெயரையும், மீறினால் எங்கு முறையிட வேண்டும் என்பதையும் அச்சிடுங்கள். ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. நம் படிப்பகம் இருக்கும் தெருவும் அதற்குள்தான். லாரி வரும் நாளில் பத்துத் தோழர் வாயிலில் நின்று, குழாய் போதும் மனிதர் வேண்டாம் என்று சொன்னால், வீட்டுக்காரர் கோபிப்பார். கோபிக்கட்டும். அன்று நாம் சுவர் ஓரமாக நடந்து வந்துவிட்டதைப் போல் இனியும் வர இயலாது. தோழர் இதற்கு இன்னும் விடை சொல்லவில்லை. வலப்பக்கத்தைச் சேர்த்தால் வெளியீட்டின் சுவை கெட்டுவிடும் என்று ஒருவர் வருத்தப்பட்டதாகக் கேள்வி.

சென்ற வாரம் ஒன்பதாம் வகுப்பில் 'நான் அமைக்கும் ஊரும் அதன் சட்டங்களும்' என்று கட்டுரை எழுதச் சொன்னோம். பெரும்பாலோர் மரம் நடச் சொன்னார்கள், நெகிழிப் பையைத் தடை செய்தார்கள், தேர்வை ஒழித்தார்கள். ஒரு மாணவி மட்டும் எழுதியிருந்தாள்: எந்த வீட்டுத் தொட்டியில் ஆள் இறக்கினாலும் அந்த வீட்டுக்கு ஒரு மாதம் தண்ணீர்க் குழாய் மூடப்படும். ஓரத்தில் சிவப்பு மையால், 'யார் மூடுவது?' என்று எழுதி ஏட்டைத் திருப்பிக் கொடுத்தோம். மறுநாள் அதற்குக் கீழே பென்சிலால் விடை வந்திருந்தது. தன் பகுதி மாமன்ற உறுப்பினரின் பெயரையும், அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், அவர் வராவிட்டால் தன் தந்தை என்றும்.